சேம அச்சு

சத்தியமங்கலத்தில் வண்டியின் ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார். சித்திரையில் தார் இளகும் ஊர் இது. பவானியாற்றுப் பாலத்தில் நின்று காற்று வாங்குபவரிடம் போய், எங்கள் வண்டிக்குள் சூடான காற்று வருவதில்லை என்று முறையிட்டால், நல்லதாயிற்று என்றுதான் மறுமொழி கிடைக்கும். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தோம். பழைய வண்டியாக வாங்கும்போதே அதில் ஹீட்டர் இருந்தது. வேண்டாத சீர்வரிசைபோல அது ஒரு மூலையில் கிடந்தது.

நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். மூத்தவன் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். இளையவன் தாளவாடியில் குத்தகை நிலத்தில் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் விளைவித்து, தன் பிக்கப் வண்டியில் தானே ஏற்றிக்கொண்டுவந்து கீழே இறக்குபவன். இதை எழுதுகிறவன் எவன் என்பதை வாசகர்கள் எளிதில் ஊகிப்பீர்கள். ஆயினும் ஸ்பேனர் பிடித்ததிலும் தவறு செய்ததிலும் இருவருக்கும் பங்குண்டு என்பதால் 'நாங்கள்' என்றே எழுதிவிடுகிறோம்.

சத்தியிலிருந்து பண்ணாரி வரை சமதளம். அம்மன் கோயிலையும் சோதனைச் சாவடியையும் கடந்தால் மலை தொடங்குகிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் திம்பம். அதற்கப்பால் ஆசனூர், தாளவாடிச் சமவெளி, பிறகு கர்நாடகம். 2013ஆம் ஆண்டு இக்காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் இச்சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. தடை நியாயமானதே. சாலையில் அடிபட்டுக் கிடந்த புள்ளிமானையும் குரங்குக் குட்டியையும் நாங்களே பார்த்திருக்கிறோம். ஆனால் அதனோடு ஒட்டிய வேறொன்றும் உண்டு. இரவெல்லாம் காத்திருக்கும் வண்டிகள் விடியலில் ஒருசேரப் புறப்படுகின்றன. மார்கழியில் அந்த நேரம் மூடுபனியின் நேரமும்கூட.

சென்ற மார்கழியில் அப்படி ஒரு காலை. கோசு மூட்டைகளுடன் இறங்கிக்கொண்டிருந்தோம். கல்லூரி விடுமுறையாதலால் மூத்தவன் பக்கத்து இருக்கையில். கண்ணாடியின் உட்புறம் மூச்சுக்காற்றுப் பட்டுப் படர்ந்தது. மலைக்குளிரில் மட்டும் பயன்படும் அந்த ஹீட்டரைத் திருப்பினால் இரண்டு வளைவுகளுக்குள் தெளிந்துவிடும். அன்று தெளியவில்லை, மாறாக, எண்ணெய் பூசியதுபோல் ஒரு படலம் ஏறியது. செய்தித்தாளால் துடைத்தோம். படலம் இடம் மாறியதேயன்றி அகலவில்லை. (மழைக்காலத்தில் ஓட்டுநர்கள் கண்ணாடியில் புகையிலை தேய்ப்பார்கள், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பாரும் உண்டு. அவையெல்லாம் வெளிப்புறத்துக்கு.) இளையவன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினான். ஒரு வளைவில் இரண்டு மஞ்சள் விளக்குகள் திடீரென்று நெற்றிக்கு நேரே தோன்றின. அரசுப் பேருந்து. எங்கள் வண்டி தடுப்புச் சுவரை உரசி நின்றது. இடையே ஒரு முழம் இருந்திருக்கும். பேருந்தின் ஓட்டுநர் எங்களைத் திட்டவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

பண்ணாரி வந்து நிறுத்திப் பார்த்தோம். பக்கத்து இருக்கையின் காலடி விரிப்பு நனைந்திருந்தது. பாகு காய்ச்சும் அடுப்பருகே நிற்பதுபோல ஒரு தித்திப்பு மணம்.

ஹீட்டர் என்றதும் மின்கம்பி பழுக்கச் சிவக்கும் பெட்டியை நினைக்கவேண்டாம். வண்டியில் நெருப்புக்குப் பஞ்சமில்லை. எஞ்சினின் சூட்டை ஏந்திவரும் கூலன்ட் நீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது அல்லவா, அதில் ஒரு பங்கை இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குள் கொண்டுவந்து, ஒரு சிறு ரேடியேட்டரில் ஓடவிட்டு, பின்னால் விசிறி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அதை மெக்கானிக்குகள் ஹீட்டர் காயில் என்பார்கள். அந்தக் காயில் ஓட்டையானால் கூலன்ட் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். மிச்சம் காலடியில் சொட்டும். தித்திப்பு அதிலுள்ள எத்திலீன் கிளைக்காலின் மணம். தித்திப்பே தவிர, நஞ்சு.

இந்தக் காயிலுக்கு இன்னொரு பயனும் உண்டென்பதை மலை ஓட்டுநர்கள் அறிவார்கள். சுமையோடு ஏறும்போது சூட்டுமுள் உயர்ந்தால், சித்திரை வெயிலானாலும் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுவார்கள். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி ஓட்டுநர்மேல் இறங்கும். வண்டி பிழைக்கும், ஓட்டுபவர் வேர்வையில் நனைவார். ஓட்டுநர் அறையின் வெப்பம் சட்டத்தின் கண்ணில் பட்டதே அண்மையில்தான்: 2025 அக்டோபர் முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். எங்களுடையது போன்ற பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது.

பட்டறையில் விசாரித்தோம். டேஷ்போர்டு முழுவதையும் கழற்றவேண்டும், இரண்டு நாள் வண்டி நிற்கும், பொருளும் கூலியுமாக ஏழாயிரத்துக்குக் குறையாது. கோசு விலை விழுந்து கிடந்த வாரம் அது. திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். ஏழாயிரம் பெரிதா என்று மூத்தவன் கேட்டிருக்கலாம். மாதச் சம்பளக்காரன் வாயில் அந்தக் கேள்வி வேறுவிதமாக ஒலிக்கும் என்பதால் கேட்கவில்லை. இளையவனுக்கோ பணத்தைவிட இரண்டு நாள் வண்டி நிற்பது பெரிது. இரண்டுக்கும் அடியில் அப்பா இருந்தார்.

எங்கள் அப்பா எதற்கும் ஆள் கூப்பிட்டதில்லை. "ஊட்டுச் சாமான ஊட்டுல பாத்துக்கோணும்" என்பார். கிணற்று ஆயில் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, சாக்கில் பரப்பி, மண்ணெண்ணெயில் கழுவி, பொழுது சாய்வதற்குள் பூட்டிவிடுவார். அந்த எஞ்சினின் பெல்ட்டில்தான் அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. அன்றும் ஆள் கூப்பிடவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிட்டே மருத்துவமனைக்குப் போனார். எங்கள் வீட்டில் இந்தக் கதை வீரக் கதையாகவே சொல்லப்பட்டு வந்தது.

கொங்கு நாட்டுக்கே இப்படியொரு பிடிவாதம் உண்டு. ஜி.டி. நாயுடு உணவு விடுதியில் வேலைபார்த்துச் சேர்த்த பணத்தில் ஆங்கிலேயர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டியவர். பின்னர் 1920இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர். கோவைப் பகுதிப் பிள்ளைகள் இதைக் கேட்டு வளர்கிறார்கள். பிரித்தபின் பூட்டமுடியாமற் போனவர்களின் கதைகள் மட்டும் யாருக்கும் சொல்லப்படுவதில்லை.

அந்தப் பருவத்தில் வகுப்பில் புறநானூறு நடந்துகொண்டிருந்தது. 102ஆம் பாட்டு, ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று அஞ்சும் உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த அச்சைப் போன்றவன் இவன் என்பது பாட்டின் கருத்து. ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "ஐயா, அச்சு மாற்றத் தெரிந்தவரும் கூடவே போவாரா?" உரைகளில் இல்லாத கேள்வி. உமணர்களுக்கே அது தெரிந்திருக்கும் என்று சொல்லி வகுப்பை நகர்த்தியாயிற்று. அந்த மாணவர் அமர்ந்த விதத்தில் நிறைவு இல்லை.

முடிவில் நாங்களே இறங்கினோம். காயிலை மாற்றுவதற்கல்ல, அதைச் சுற்றிவிடுவதற்கு. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, விரல் பருமனுள்ள பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றால் அவற்றையே ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப் போட்டோம். கூலன்ட் உள்ளே வராமலே திரும்பிவிடும், ஒழுகாது. கண்ணாடி தெளியாதுதான், ஆனால் எண்ணெய்ப் படலம் இராது, பொங்கல் வரை துடைத்துத் துடைத்து ஓட்டிவிடலாம் என்று கணக்கிட்டோம். அரை மணி நேரத்தில் முடிந்தது. குறைந்த நீருக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினோம். கையைக் கழுவிக்கொண்டு தேநீர் குடித்தபோது இருவருக்கும் அப்பாவின் நினைவு வந்தது; சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் தீவன மூட்டைகளுடன் மலையேறினோம். பாதி மலை கடக்குமுன் சூட்டுமுள் ஏறத் தொடங்கியது. இளையவனின் கை பழக்கத்தில் ஹீட்டர் திருகுக்குப் போய், வெறுமனே திரும்பியது. அடுத்த வளைவில் பானெட்டின் இடுக்குகளில் வெண்புகை. நிறுத்தக்கூடாத இடம், யானைகள் கடக்கும் இடம் என்று பலகை வேறு. வேறு வழியின்றி ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

அடுத்து நடந்ததை விரிவாகவே சொல்லவேண்டும். மூத்தவன் துண்டை நான்காக மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் வைத்து அழுத்தித் திருகப் போனான். நீர் ஊற்றவேண்டும் என்ற ஒன்றே மனத்தில் இருந்தது. அந்த மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தை அடக்கிவைப்பதனால்தான் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் பொங்காமல் நிற்கிறது; திறந்த நொடியில் அத்தனையும் கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். இதைப் படித்தறிந்தவன்தான் மூத்தவன். மூடி கால் சுற்றுத் திரும்பி உஸ்ஸென்றது. இளையவன் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இழுத்த வேகத்தில் இருவரும் சாலையில் விழுந்தோம். "விரல் போனது போதாதா?" என்றான். இருபது ஆண்டுகளில் அவன் அந்த விரலைப் பற்றி வீரக் கதையாக அல்லாமல் பேசியது அதுவே முதல் முறை.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நாமக்கல் பதிவெண் கொண்ட லாரி ஒன்று நின்று, இரண்டு கேன் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குள் எங்கள் வண்டியின் அடியிலிருந்து பச்சை நீர் ஒரு கோடாக இறங்கிச் சாலையோரப் பள்ளத்தில் தேங்கிவிட்டது. பக்கத்து மரத்தில் குரங்குகள் இருந்தன. மண்ணை அள்ளிப் போட்டு மூடினோம். எவ்வளவு மூடினோம், அதற்குமுன் எது வந்து குடித்தது என்பது எங்களுக்குத் தெரியாது. அவ்வழி போகும்போதெல்லாம் இளையவன் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறான்.

மறுவாரம் வண்டி பட்டறையில் நின்றது. மெக்கானிக் அறுபதை நெருங்கியவர். எங்கள் பித்தளைத் துண்டைக் குனிந்து பார்த்தார், விரலால் தட்டினார். ஏளனத்துக்கு ஆயத்தமாக நின்றோம்.

"ஜாயின்ட்டு நல்லாத்தானுங் போட்டிருக்கீங்க வாத்தியாரே. காத்து எடுக்கலீங்களே."

குழாயைக் கழற்றினால் காற்று உள்ளே புகும். அது உயரமான இடத்தில் குமிழாக நின்றுகொண்டால் நீர் சுற்றாது. நீரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து குமிழ்கள் வெளியேறும்வரை பொறுத்திருந்து, மீண்டும் நிரப்பியிருக்கவேண்டும். பத்து நிமிட வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் தொடங்கவேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னார். உப்புத் தண்ணீர் ஊற்றியதற்குத்தான் கொஞ்சம் கடிந்துகொண்டார்.

"அண்ணா, இதை நாங்களே மாற்ற முடியுமா?" என்று காயிலைப் பற்றிக் கேட்டோம்.

"பிரிக்கறதுக்கு ஆருமே போதுமுங். ஸ்டீரிங்குக்குப் பின்னால ஒயரு கத்தையாக் கெடக்கும், எதை எங்க சொருகறதுன்னு தெரியோணுமில்லீங்களா. தம்பி வேணும்னா திருப்புளி புடிக்கட்டும், கூலி கொறச்சுக்கறேன்."

அப்படியே ஆயிற்று. இளையவன் டேஷ்போர்டைக் கழற்றினான். மூத்தவன் திருகாணிகளைத் தனித்தனித் தட்டுகளில் போட்டுச் சீட்டு எழுதினான், ஓலைச்சுவடிக்கு எண்ணிடுவதுபோல. காயிலை எடுத்ததும் பொருத்தியதும் அவர். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றப்போன எங்களைத் தடுத்து, ஒரு கேனில் பிடித்து மூடிவைத்தார். "நாய் நக்குமுங்க" என்றார்.

கிளம்பும்போது பித்தளைத் துண்டைக் குப்பையில் போடப்போனோம். அவர் வாங்கித் துடைத்து, இரண்டு கிளிப்புகளோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் சுற்றி இளையவனிடம் கொடுத்தார்.

"எறிஞ்சு போடாதீங்க தம்பி. மலைல எங்கியாச்சும் மறுக்கா ஒழுகுச்சுன்னா இதைப் போட்டுட்டு ஊடு வந்து சேந்துக்கலாம். காத்து மட்டும் எடுத்துப்போடோணும்."

அது இப்போது ஓட்டுநர் இருக்கையின் அடியில், இரும்புச் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர். காற்றெடுக்கும் முறையை ஓர் அட்டையில் எழுதி மூத்தவன் ஒட்டிவைத்திருக்கிறான். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று இளையவன் குறை சொல்கிறான். அந்த மாணவர் இப்போது இறுதியாண்டு. ஒரு நாள் நிறுத்தி இதைச் சொல்லவேண்டும்.