நின்றதால் வந்த துரு

ஓடித் தேய்ந்த பொருளைச் செப்பனிடுவது எளிது. நின்று துருவேறிய பொருளைச் செப்பனிடுவது கடினம். இவ்வுண்மையை நாம் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. காயல்பட்டினத்தில் நம் வீட்டுக் கொட்டகையில், வாப்பாவின் பழைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்துதான் கற்றுக்கொண்டோம்.

1994-ஆம் ஆண்டு வாப்பா வாங்கிய மாருதி 800 அது. 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரிக்கப்பட்ட அச்சிறிய கார், நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் வாசலுக்கு வந்த முதற் கார் என்பதை யாவரும் அறிவர். பார்வை மங்கத் தொடங்கியதும் வாப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பிழைப்பின் பொருட்டுச் சென்னையில் வாழும் நாம் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், “வண்டியைக் கொஞ்சம் எடுத்து ஓட்டி வை, வாப்பா” என்பார்கள். “அடுத்த தடவை பார்க்கலாம்” என்போம் நாம். அந்த ‘அடுத்த தடவை’ வருவதற்குள் ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

நம் ஊரின் கிழக்கே கடல். பக்கத்து ஊரான ஆறுமுகநேரியில் உப்பளங்கள். இங்கு வீசும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். அவற்றோடு உப்பும் சேர்ந்துவிட்டால், நனைந்த இரும்பின் மேல் நிகழும் மின்வேதி மாற்றம் மேலும் விரைவடைகிறது. ஓடுகின்ற வண்டியை அவ்வப்போது கழுவுவர், எண்ணெயிடுவர், பழுது பார்ப்பர். நின்ற வண்டியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துரு மட்டுமே அதை மறவாமல் நாள்தோறும் நாடி வருகிறது.

சென்ற ஆண்டு வாப்பா ஓர் ஆசையைச் சொன்னார்கள். குலசேகரன்பட்டினத்தில் இருக்கும் தம் மூத்த சகோதரியைத் தம் சொந்த வண்டியிலேயே சென்று பார்க்க வேண்டும் என்பதே அது. வாப்பாவுக்கு வயது 81. நம் மாமிக்கு 86. இந்த வேண்டுகோளுக்கு ‘அடுத்த தடவை’ என்று விடை கூறும் துணிவு நமக்கு இல்லை.

புதிய பாட்டரி பொருத்தியதும் இயந்திரம் உயிர் பெற்றது. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடப்பக்க முன்சக்கரத்தில் ‘டக், டக்’ என்று ஓசை எழுந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைத்து நிறுத்தும் ‘லோயர் ஆர்ம்’ என்னும் கையின் உட்புறத்து ரப்பர் புஷ் வெடித்துக் கிடந்தது. அந்நிலையில் முதியவரை ஏற்றிச் செல்வது அறிவுடைமை ஆகாது. புதிய ஆர்ம் ஒன்றை வாங்கி வந்து, அரைமணி நேரத்து வேலைதானே என்று நாமே தொடங்கினோம்.

வெளிப்புற இணைப்புகள் அதிகத் தொல்லை தரவில்லை. உட்புறத்து போல்ட்டின் நட்டும், மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து ஊற்றியதும் கழன்று வந்தது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிதான் நம்மை ஏமாற்றியது. போல்ட் ஒரு நூலளவும் நகரவில்லை. தலையைத் திருகினால் சற்றே திரும்பும். கையை விட்டதும் பழைய இடத்துக்கே மீளும்.

காரணம் பின்னர்தான் புரிந்தது. ரப்பர் புஷ்ஷின் நடுவே ஓர் எஃகுக் குழல் உண்டு. அதன் வழியாகவே போல்ட் செல்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே குழலுக்கும் போல்ட்டுக்கும் இடையில் இருந்த மெல்லிய இடைவெளி முழுவதும் துருவால் இறுகி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. நாம் திருகியபோது முறுகியது ரப்பரே, போல்ட் அன்று.

இதை உணராத நாம், ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாய் ஒன்றைச் செருகி முழு வலிமையோடு இழுத்தோம். வண்டியோ ஜாக்கி ஒன்றின் மேல் மட்டுமே நின்றிருந்தது. ஜாக்கி சாய்ந்தது, சக்கரம் கழற்றியிருந்த பக்கம் ‘தடா’லென்று தரையில் விழுந்தது. ஒரு நொடிக்கு முன்னர் நம் கை அவ்விடத்தில்தான் இருந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த வாப்பா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

“இந்த வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வெளியே வா, வாப்பா” என்றார்கள். அந்தக் குரலின் நடுக்கம் இன்றும் நம் காதில் இருக்கிறது.

மறுநாள் ஆறுமுகநேரியிலிருந்து, தம் ஆயுளின் பெரும்பகுதியைப் பட்டறையில் கழித்த ஓர் அண்ணாச்சியை அழைத்து வந்தோம். அவர் முதலில் போல்ட்டைத் தொடவே இல்லை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். வண்டியைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தினார். கழற்றிய சக்கரத்தையும் காப்புக்காக வண்டியின் அடியில் கிடத்தினார். பிறகு விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்:

“இதுல எதெக் காப்பாத்தணும், எதெ விட்டுரலாம்னு மொதல்ல பாத்தீங்களா, தம்பி?”

நமக்கு விடை தெரியவில்லை. அவரே விளக்கினார். போல்ட், புஷ், ஆர்ம் மூன்றும் புதிதாகக் கிடைப்பவை. அவை கெட்டாலும் குற்றமில்லை. ஆனால் அவற்றைத் தாங்கும் பிடிமானத் தகடு வண்டியின் உடலோடு ஒன்றானது. அது வளைந்தாலோ கிழிந்தாலோ வண்டியே பாழ். முதல் நாள் நாம் செலுத்திய வலிமை எல்லாம் அந்தத் தகட்டின் மேல்தான் விழுந்திருக்கிறது. காக்க வேண்டியதைத் தாக்கி, விட்டுவிட வேண்டியதோடு போராடியிருக்கிறோம்.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, எண்ணெய் இட்டு, போல்ட்டின் தலையைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்குமாம். ஓரிரவு அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் நட்டைப் போல்ட்டின் நுனி மட்டத்துக்குத் திருகி வைத்துவிட்டு அதன் மேல் அடித்தார். மரையின் மேல் நேராக அடித்தால் நுனி பரந்து, பின் துளை வழியே வராது. பன்னிரண்டு மூலைச் சாக்கெட்டை ஒதுக்கி, ஆறு மூலைச் சாக்கெட்டைப் போட்டார். போல்ட்டின் முகங்களை முழுவதும் பற்றுவதால் தலை உருண்டுபோகாது. கழற்றுவதற்கு முன் சற்றே இறுக்கியும் பார்த்தார். போல்ட் அசையவில்லை.

நெருப்பால் சூடேற்றலாமா என்று வினவினோம். 12 மில்லிமீட்டர்த் துளை ஒன்றை 300 டிகிரி சூடாக்கினால், அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்கு விரியும். துருவின் பிடி தளர அதுவே சில வேளை போதுமானது. ஆனால் இங்கு ரப்பர் எரியும். பக்கத்தில் பிரேக் எண்ணெய்க் குழாய் உள்ளது. “வேண்டாம், அறுத்துருவோம்” என்றார் அண்ணாச்சி.

புஷ்ஷுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் ஹாக்ஸா பிளேடை நுழைத்து, இருபுறமும் மாறி மாறி அறுத்தோம். உறுதி மிக்க எஃகு அது. பிளேடுகள் ஒவ்வொன்றாக மழுங்கின. மாலைக்குள் இரண்டு வெட்டுகளும் முடிந்தன. ஆர்ம் கீழே விழுந்தது. தகட்டில் எஞ்சியிருந்த இரு துண்டுகளும் விரலால் தள்ளியதும் வெளியே வந்துவிட்டன! இறுகியிருந்தது தகட்டில் அன்று; குழலுக்குள் மட்டுமே. எங்கே சிக்கியிருக்கிறது என்று அறியாமல் செலுத்தும் வலிமை எத்துணை வீணானது!

புதிய போல்ட்டைத் தேர்வதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். கிடைத்த இரும்பைப் போடலாகாது; தலையில் பொறித்த எண் பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். 8.8 எனின், ஒரு சதுர மில்லிமீட்டர் 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் தரம். குழலுக்குள் செல்லும் பகுதிக்குக் கிரீஸ் தடவினார். இறுதி இறுக்கத்தையோ சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் சுமை இறங்கிய பின்னரே கொடுத்தார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நின்று விரைவில் கிழிந்துவிடுமாம்.

அடுத்த நாள் காலை வாப்பா முன் இருக்கையில் அமர்ந்தார்கள். பள்ளங்களில் ஓசை எழவில்லை. குலசேகரன்பட்டினத்தில் மாமி வாசல்வரை வந்து, தம்பியைப் பார்ப்பதற்கு முன்னர் வண்டியைப் பார்த்து, “இது இன்னும் ஓடுதா?” என்று வியந்தார்கள். உடன்பிறந்தார் இருவரும் அன்று பகல் முழுவதும் பேசித் தீர்த்தார்கள்.

திரும்பும் வழியில் வாப்பா கேட்டார்கள்: “இனி எப்போ எடுப்பே?”

பழகிப்போன விடை நாவின் நுனிவரை வந்தது. ஏழு ஆண்டுகளாக இவ்வண்டியைத் துருப்பிடிக்க வைத்தது உப்புக் காற்று மட்டும்தானா என்று அக்கணம் நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். மாதமும் தேதியும் குறித்துச் சொன்னோம். அத்தேதியில் ஊருக்கு வந்து வண்டியை எடுத்தோம். அதன் பிறகும் தவறவில்லை.