அறுபட்ட வாசற்படி

அரண்மனைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கட்டடம் இருக்கும்; சிம்மாசனம் இருக்கும்; கண்ணாடிப் பெட்டிகளில் ரத்தினங்களும் இருக்கும். அங்கே வாழ்ந்த மனிதன் மட்டும் அகப்பட மாட்டான். வழிகாட்டி ஒப்பிக்கும் நீள அகலக் கணக்குகளில் அவன் எங்கேயோ கரைந்து போயிருப்பான்.

பெய்ஜிங் நகரத்தின் நடுவே இருக்கும் 'தடைசெய்யப்பட்ட நகர'த்தில் இந்தச் சங்கடம் பத்து மடங்கு அதிகம். மிங் வம்சத்துச் சக்கரவர்த்தி யோங்லே 1406-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 1420-இல் முடித்த அரண்மனை அது. மிங் வம்சத்தார் 14 பேர், சிங் வம்சத்தார் 10 பேர், ஆக 24 சக்கரவர்த்திகள் அங்கே இருந்து ஆண்டிருக்கிறார்கள். பரப்பு 72 ஹெக்டேர். சுற்றியுள்ள அகழியின் அகலம் மட்டும் 52 மீட்டர். உள்ளே 9,999 அறைகள் என்று ஒரு பழங்கதை. தேவலோகத்து அரசனுக்குப் 10,000 அறைகளாம். பூலோகத்து அரசன் அடக்கத்தோடு ஒன்றைக் குறைத்துக் கொண்டானாம்! எண்ணிப் பார்த்தவர்கள் 9,000-க்கும் குறைவுதான் என்கிறார்கள். ஆனாலும், ஓர் அறையைக் குறைத்துக்கொண்டு அதை அடக்கம் என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் சக்கரவர்த்திகளுக்குத்தான் வரும்.

அந்த அரண்மனையில் வாசல் என்பது சாதாரண விஷயமல்ல. தெற்கே இருக்கும் வூமென் வாசலின் நடு வளைவு சக்கரவர்த்திக்கு மட்டுமே உரியது. மகாராணி கலியாண நாளன்று ஒரே ஒரு முறை அதன் வழியே உள்ளே வரலாம். பெரிய பரீட்சையில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற பண்டிதர்கள் ஒரே ஒரு முறை அதன் வழியே வெளியே போகலாம். மற்றவர்கள் எந்த வாசலில் நுழைந்தார்கள் என்பதைப் பார்த்தே அவர்கள் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம்.

வாசலுக்கு வாசல் உயரமான மரப்படிகள். அவற்றை மிதிக்காமல் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும் என்பது சீனர்களின் வழக்கம். என் மனைவிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறவள் அவள். "பார்த்தீர்களா, இங்கேயும் படியில் நிற்கமாட்டார்கள் போலிருக்கிறது" என்று திருப்தியோடு சொல்லிவிட்டு, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டி வந்தாள்.

முன்புறத்து மகா மண்டபங்களைக் கடந்து, அரச குடும்பம் வாழ்ந்த உள் அரண்மனைக்கு வந்தோம். அங்கே சில வாசல்களில் படி இல்லாமல் இருந்ததற்கு நான் காரணம் சொன்னபோது, அவள் திடுக்கிட்டு நின்றுவிட்டாள்.

"வாசற்படியையா அறுத்தான்? எதற்கு?"

"சைக்கிள் விடுவதற்கு."

அறுக்கச் சொன்னவன் பூயி, கடைசிச் சக்கரவர்த்தி. 1908-இல் அவனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தபோது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பட்டாபிஷேகத்தன்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுத குழந்தையை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லித் தகப்பனார் தேற்றினார். அதை அபசகுனமான பேச்சு என்று சபையிலிருந்தவர்கள் நினைத்தார்கள். பேச்சு பலித்தது. 1912 பிப்ரவரியில் முடியாட்சி முடிந்தது.

ஆனால் பையனை வெளியே விடவில்லை. பட்டப் பெயர் இருக்கட்டும், உள் அரண்மனையில் வசிக்கட்டும் என்று குடியரசு ஒப்பந்தம் செய்து கொண்டது. ராஜ்யம் இல்லை, ராஜ உபசாரம் மட்டும் உண்டு. பெற்ற தாயைப் பல ஆண்டுகள் கண்ணால் காணவில்லை. பாலூட்டி வளர்த்தவளையும் ஒரு நாள் அவனிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள். 1919-இல் ஆங்கிலம் கற்பிக்க ரெஜினால்ட் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். மூக்குக் கண்ணாடி, டெலிபோன், சைக்கிள் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. சைக்கிள் வந்ததும் படிகள் இடறின. அறுக்கச் சொல்லிவிட்டான். அவன் கட்டளையிட்டு நடந்த காரியங்கள் எத்தனையோ இருக்கலாம். அவனுக்காகவே நடந்தது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. தடைசெய்யப்பட்ட நகரம் என்று ஊரார் சொன்னது உள்ளே வர முடியாததால். வெளியே போக முடியாத ஒருவனுக்கும் அந்தப் பெயர் பொருந்தியது.

1924 நவம்பர் 5-ஆம் தேதி ஃபெங் யூசியாங்கின் படைவீரர்கள் வந்து, சில மணி நேரத்தில் அவனை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 500 ஆண்டுகளாகச் சுவரை மட்டும் பார்த்திருந்த ஜனங்கள் உள்ளே வந்தார்கள்.

பூயியின் கதை அதோடு முடியவில்லை. ஜப்பானியர் மஞ்சூரியாவில் அமைத்த பொம்மை ராஜ்யத்துக்கு 1934-இல் சக்கரவர்த்தி ஆனான். அது இன்னொரு கூண்டு. அங்கே இருந்து கையெழுத்திட்டவை பல உயிர்களுக்கு உலை வைத்தன. 1945-இல் சோவியத் படையிடம் அகப்பட்டு, 1950-இல் சீனாவுக்குத் திரும்பி, சிறையில் இருந்து, 1959-இல் மன்னிப்புப் பெற்றான். பிறகு பெய்ஜிங் தாவரத் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். தன் பழைய அரண்மனைக்கும் பார்வையாளர்களில் ஒருவனாக வந்தான். 1967-இல் காலமானான்.

வடக்கு வாசலான ஷென்வூமென் வழியாக வெளியே வந்தோம். அருங்காட்சியகத்தின் பெயர் அந்த வாசலின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. என் மனைவி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "படியை அறுத்தது தப்புத்தான்" என்றாள். சிறிது தூரம் நடந்த பின், "ஆனால் குழந்தையை அப்படி அடைத்து வைத்தது அதைவிடப் பெரிய தப்பு" என்றாள்.

அவளுடைய தீர்ப்புக்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தோட்ட வேலை முடிந்து தெருவில் நடந்து போன அந்தக் கிழவனுக்கு, எந்த வாசற்படியையும் அறுக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.