குறிஞ்சியும் மலையும் ஒரே படத்தில்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, கொடைக்கானல் பக்கம் 2006-லும் 2018-லும் மலைச்சரிவு முழுக்கப் பூத்தது. அடுத்தது 2030. இப்போதே ஒரு கேள்வி: முன்னால் பூ, பின்னால் மலை, இரண்டும் தெளிவாக ஒரே படத்தில் வர வேண்டும். எந்த கேமராவை எடுத்துப் போவீர்கள்?

"பெரிய கேமராதான், இதிலென்ன சந்தேகம்?" என்பவர்களே அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

படத்தில் எங்கிருந்து எங்கு வரை தெளிவாக இருக்கிறதோ அதுதான் டெப்த் ஆஃப் ஃபீல்ட். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. அதில் 24 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே காட்சியை, அகலத்தில் ஆறில் ஒரு பங்கே உள்ள பாக்கெட் கேமரா சென்சார் 4 மி.மீ. லென்ஸிலேயே காட்டிவிடும். இரண்டிலும் எஃப்/2.8 வைத்தாலும் ஒளி நுழையும் துளை ஒன்றில் 8.6 மி.மீ., மற்றதில் 1.4 மி.மீ.தான். துளை சிறுத்தால் மங்கலும் குறையும். பெரியதில் சுமார் மூன்றரை மீட்டருக்கு அப்பால்தான் எல்லாம் தெளிவு. சின்னதில் அறுபது சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே ஆரம்பித்துவிடும்!

சரி, பெரிய கேமராவில் எஃப்/17 அளவுக்குத் துளையைச் சுருக்கினால்? அதே ஆழம் கிடைக்கும். ஆனால் ஒளி 36 மடங்கு குறையும். மூடுபனியும், காற்றில் ஆடும் செடியும் உள்ள இடத்தில் ஷட்டரை மெதுவாக்க முடியாது, ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றினால் பெரிய சென்சாரின் லாபமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

1932-ல் ஆன்சல் ஆடம்ஸும் நண்பர்களும் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்கள். 4×5 அங்குல ஃபிலிமில் எஃப்/64 தரும் ஆழம், பாக்கெட் கேமராவில் எஃப்/3-லேயே வந்துவிடும்.

பின்னணியை மங்கலாக்கினால் படம் அழகுதானே என்று கேட்கலாம். அழகுதான். ஆனால் பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது. குறிஞ்சி வளர்வது அந்தப் புல்வெளியில்தான். மங்கலான பச்சை, புல்லா வாட்டிலா என்று யாருக்கும் சொல்லாது. மலையும் தெளிவாக விழுந்த 2018 படம் ஒன்று கையில் இருந்தால், 2030-ல் அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். தவறவிட்டால் 2042 வரை காத்திருக்க வேண்டும்.