சுடுமணலில் ஒரு குடித்தனம்

நமீபியாவின் கோபபெப் ஆய்வு நிலையத்தை ஒட்டி, பெரும்பாலும் வறண்டே கிடக்கும் குய்செப் ஆறு ஓடுகிறது. அதைத் தெற்கே தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மணற்குன்றுகள்தாம். அங்கே என்னுடன் வந்தவர் குனிந்து காட்டிய இடத்தில், மான் மிதித்துப்போன குளம்படி போல ஒரு சிறு பள்ளம் இருந்தது. அது ஒரு சிலந்தியின் வீட்டுக் கூரை.

செயோதைரா ஹென்ஷெலி என்பது அதன் அறிவியல் பெயர். பெண் சிலந்தி மணலில் குழி தோண்டி, சுவர் சரியாதபடி இழை பூசுகிறது. குழியின் வாய்க்கு மேலே பட்டுப் பாய் பின்னி, அதன் மேல் மணலைப் போட்டு மறைக்கிறது. பாயின் ஓரங்களில் ஒட்டும் இழை. எறும்பு ஒன்று கால் சிக்கித் துடித்தால் போதும். அதிர்வு உணர்ந்து சிலந்தி மேலே ஏறி வரும்.

வியப்பெல்லாம் அந்த ஏற்றத்தில்தான். பகலில் மணலின் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸையும் தாண்டிக் கொதிக்கும். சிலந்தியின் உடலோ 50 டிகிரியைக்கூடத் தாங்காது. ஆய்வாளர்கள் யாயெல் லூபினும் ஹென்ஷெலும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரை விளக்கியது. சிலந்தி மேலே வந்து இரையைத் தாக்கும். உடல் சூடேறியதும் குழிக்குள் இறங்கிவிடும். சூடு தணிந்ததும் மறுபடி ஏறும். வேட்டை முடியும்வரை இப்படியே மேலும் கீழுமாகப் போய்வரும்.

வெயிலைச் சகித்துக்கொண்டே நிற்பவரைத்தான் நாம் வலியவர் என்கிறோம். இந்தச் சிலந்தியைப் பற்றி அறிந்தபின் எனக்கு அந்த எண்ணம் மாறிவிட்டது. பின்வாங்கும் நேரம் அதற்குத் தெரியும். பின்வாங்க ஓரிடமும் உண்டு. இரண்டும் சேர்ந்தே அதைக் காக்கின்றன. இரை கிடைப்பது கொதிக்கும் மேற்பரப்பில், உயிர் தங்குவது அடியிலுள்ள குளிர்ச்சியில். ஒன்றைப் பறித்தாலும் அதற்கு வாழ்வில்லை.

அதனால்தான் குன்றுகளில் உல்லாசத்துக்காக வண்டி ஓட்டுவதை என்னால் வெறும் விளையாட்டாகப் பார்க்க முடியவில்லை. இந்தக் குன்றுகள் அடங்கிய நமீப் மணற்கடல் 2013 முதல் உலகப் பாரம்பரியச் சொத்து. அதன் குன்றுகளின் அழகை எல்லோரும் படமெடுக்கிறார்கள். ஆனால் சக்கரம் ஏறினால் நசுங்குவது மேல்மணலும் அதனடியில் உள்ள இந்தக் குழிகளும்தான். குன்று அப்படியே நிற்கும். அதில் குடியிருந்த உயிர் இருக்காது. பாலைவனத்தைக் காப்பது என்றால், காலடியில் உள்ள அந்தச் சிறு ஆழத்தையும் சேர்த்துக் காப்பதுதான்.