ஒரு நாள் பிந்தினால்...

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று. நான்காம் வகுப்புக்கு ஒரு டீச்சர், ஐந்தாம் வகுப்புக்கு இன்னொரு டீச்சர். இருவரும் ஆசிரியர் பயிற்சியை ஒன்றாகப் படித்தவர்கள். மதியச் சாப்பாட்டில் குழம்பும் பொரியலும் கை மாறும். ஆனால் சம்பளச் சீட்டை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதே இல்லை.

காரணம்? ஒருவர் 2009 மே மாதத்துக்குள் வேலையில் சேர்ந்துவிட்டார். மற்றவருக்குப் பணி நியமன ஆணை ஜூனில்தான் கிடைத்தது. அவ்வளவுதான்!

ஆறாவது ஊதியக் குழுவையொட்டித் தமிழக அரசு 2009 ஜூன் 1 அன்று புதிய ஊதிய ஆணையை வெளியிட்டது. ஏற்கெனவே பணியில் இருந்த இடைநிலை ஆசிரியர்களின் தொடக்க அடிப்படை ஊதியம் 4,500 ரூபாய். அதை 1.86 ஆல் பெருக்கி 8,370 ஆக்கினார்கள். ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பெருக்குவதற்குப் பழைய சம்பளமே இல்லை. 5,200-லிருந்து தொடங்கினார்கள். தர ஊதியம் இரு தரப்புக்கும் 2,800. ஆக, வித்தியாசம் 3,170 ரூபாய்.

சீனியர் கூடுதலாக வாங்குவதில் யாருக்கும் வருத்தமில்லை. பத்து வருடம் முன்னால் வந்தவர் பத்து இன்கிரிமென்ட் கூட வாங்கத்தான் செய்வார். அது அனுபவத்துக்குக் கிடைக்கும் மரியாதை. ஆனால் இந்த 3,170 சர்வீஸால் வந்ததா? இல்லையே! காலண்டரில் ஒரு தாளைக் கிழித்ததால் வந்தது.

சரி, 3,170 தானே என்கிறீர்களா? அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் சதவீதக் கணக்கு. அடிப்படை குறைந்தால் எல்லாமே குறையும். 2017-ல் ஏழாவது ஊதியக் குழுவையொட்டி அடிப்படையை 2.57 ஆல் பெருக்கியபோது, அந்த 3,170-ம் கூடவே பெருகி எட்டாயிரத்தைத் தாண்டியது. 2012-க்குப் பிறகு தகுதித் தேர்வையும் எழுதித் தேறி வந்தவர்களுக்கும் குறைந்த ஊதியம்தான்.

2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் இந்த ஆசிரியர்கள் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. கோரிக்கை ஒரே வரி: சம வேலைக்குச் சம ஊதியம். 2023 ஜனவரி 1 அன்று, இதை ஆராயக் குழு அமைக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார்.

அரசிடம் பணமில்லை என்றால் அதையும் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பற்றாக்குறையை ஏன் ஒரு தரப்பு மட்டும் சுமக்க வேண்டும்?

நான்காம் வகுப்பு முடித்த பிள்ளைகள்தான் அடுத்த அறைக்குப் போகிறார்கள். இந்த டீச்சர் விட்ட இடத்தில் அந்த டீச்சர் தொடங்குகிறார். பிள்ளைகளுக்கு இருவரும் டீச்சர்தான். அரசுக்கு மட்டும் ஏன் இல்லை?