இரண்டு அடுப்பும் எரியும் நேரம்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகளில் இரண்டு அடுப்பும் சேர்ந்து எரியும். இட்லிக் கொப்பரையை இன்னும் இறக்கியிருக்க மாட்டார்கள். பக்கத்து அடுப்பில் கறிக்குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே வந்திருக்கும். மற்ற நாட்களில் இந்த இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. பத்தரை மணிக்கு டிபன் முடிந்தது என்று சொல்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி வாக்கில் வாங்க என்று அனுப்பிவிடுவார்கள். ஞாயிறு அப்படி இல்லை. ஊர் தாமதமாக எழுந்திருக்கிறது, வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், காலைப் பசியும் மதியப் பசியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. மதுரையில் மனம் நிறையச் சாப்பிட வேண்டுமென்றால் இந்த நேரத்தில் போங்கள் என்பதுதான் என் கட்சி. எந்தக் கடை என்பது அதற்கு அடுத்த கேள்வி.

நான் திருச்சிக்காரன். மதுரைக்கு வரும்போது மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வரைக்கும் போவதில்லை. சித்தி வீடு ஒத்தக்கடையில் இருப்பதால் அங்கேயே இறங்கிவிடுவேன். மேலூரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் யானைமலை தெரிய ஆரம்பித்துவிடும். அதன் அடிவாரம்தான் ஒத்தக்கடை. வார நாட்களில் இந்தச் சாலையின் ஓட்டமே வேறு. பக்கத்திலேயே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலையில் அது திறந்த பிறகு கறுப்புக் கோட்டுகளும் கட்சிக்காரர்களும் ஃபைல்களுமாக டீக்கடைகள் நிரம்பின. இன்னொரு பக்கம் வேளாண்மைக் கல்லூரி, 1965-இலிருந்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டும் கல்லூரியும் ஓய்ந்து கிடக்க, சாலை ஊர்க்காரர்கள் கைக்குத் திரும்பிவிடும். கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், கறி வாங்கித் தூக்குச்சட்டியில் கொண்டுபோகிறவர்கள், பிள்ளையை வண்டி முன்னால் நிற்கவைத்துக்கொண்டு இட்லி வாங்க வந்தவர்கள்.

கோயில் என்று சொன்னது நரசிங்கத்தை. மலையைக் குடைந்து செய்த யோக நரசிம்மர் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி இதைக் குடைவிக்கத் தொடங்கி, முடியுமுன்னே இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்துவைத்தான் என்று அங்கேயுள்ள கல்வெட்டுச் சொல்கிறது. ஆண்டு 770. பக்கத்திலேயே முருகனுக்கு ஒரு சின்னக் குடைவரை இருக்கிறது, லாடன் கோயில் என்கிறார்கள். மலையின் மேலே சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்தும் உண்டு; தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களில் நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2010 வாக்கில் இந்த மலையைச் செதுக்கிச் சிற்ப நகரமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது சுற்றுவட்டாரத்து மக்கள் கூடி நின்று எதிர்த்தார்கள். மலை தப்பியது. அதற்காக அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கே மலை ஏறப் போய்விட வேண்டும். வெயில் வந்துவிட்டால் பாறை கால் வைக்க விடாது. ஏறி இறங்கி, நரசிங்கத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். பசி வயிற்றைக் கிள்ளும். ஆனால் அவசரப்படக் கூடாது என்பது சித்தப்பாவின் பாடம். “இப்பப் போனா வெறும் இட்லி சட்னிதாண்டா. ஒரு டீயக் குடி, பத்தரைக்குப் போவோம்” என்பார். அந்த ஒரு மணி நேரம் காத்திருப்பதற்குத் தெம்பு வேண்டும்.

அவர் கூட்டிப்போகும் இடத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு வீட்டின் முன்பக்கம். தகரக் கொட்டகை, நீளப் பெஞ்சு இரண்டு, மண் தரையில் தண்ணீர் தெளித்திருக்கும். அறுபது வயதைத் தாண்டிய அம்மா அடுப்பு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். மகன் பரிமாறுவார், மருமகள் சட்னி அரைப்பார். அலுமினியக் கொப்பரை மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். தட்டின் குழிகள் மேல் ஈரத்துணி விரித்து அதன் மேல் மாவு ஊற்றியிருப்பார்கள். தட்டை அப்படியே முறத்தில் கவிழ்த்து, துணியின் முதுகில் கையால் தண்ணீர் தெளித்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரிப்பார். இட்லியின் அடியில் துணியின் இழை பதிந்திருக்கும். எண்ணெய் தடவிய தட்டில் வேகும் இட்லிக்கு இந்த மென்மை வராது. துணி, மாவில் மிஞ்சிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அடியிலும் ஆவி புகுந்து வேகிறது. மாலை வரை வைத்திருந்தாலும் வறண்டு போகாது.

“அக்கா, இவன் எங்க அண்ணன் மகன். திருச்சியிலிருந்து வந்திருக்கான்.”

“வாய்யா, உக்காரு. என்ன தம்பி, பிள்ளைக்கு என்ன வைக்கச் சொல்ல? குடல் கொழம்பு இப்பத்தான் எறக்குனேன். கறிக் கொழம்புக்கு இன்னுங் கொஞ்சம் சுண்டணும்.”

“ரெண்டையும் வைங்கக்கா. மொதல்ல குடல்.”

வாழையிலையில் நான்கு இட்லி, அதன் தலையில் குடல் குழம்பு. குடலைச் சுத்தம் செய்வதில்தான் இந்தக் கடையின் பெயர் நிற்கிறது. விடியுமுன் கறிக்கடையிலிருந்து வந்ததும் சுண்ணாம்பும் வெந்நீரும் விட்டு உரசி, திரும்பத் திரும்ப அலசி, மஞ்சள் போட்டு வேகவைக்கிறார்கள். மசாலா அம்மியில் அரைத்தது: மிளகு, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய், வதக்கிய சின்ன வெங்காயம், தேங்காய். குழம்பு தண்ணியாகவும் இல்லை, கெட்டியாகவும் இல்லை. இட்லிக்குள் இறங்கும் பதம். இட்லியைப் பிய்த்தால் உள்ளே பாதி வரை நிறம் ஏறியிருக்கும். அதற்கு மேல் ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கறிக்குழம்புக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் ஒத்தக்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கும் யோசனை வேறு ஊரிலும் வந்ததுண்டு. 1895-இல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகையில் எழுதினார்: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து கனத்த இறைச்சியும் பணியாரமுமாக மத்தியான விருந்து உண்ணும் வழக்கத்தை விட்டுவிடுவோம், தாமதமாக எழுந்து, நண்பகல் வாக்கில் தேநீரும் பழப்பாகுமாகத் தொடங்கி, பிறகு கனத்த உணவுக்குப் போவோம் என்று. இன்றைக்கு உலகமெங்கும் பெருநகரங்களில் அந்தச் சாப்பாடு ஒரு வழக்கமாகிவிட்டது. நம் ஊர் நட்சத்திர விடுதிகளும் அதைக் கடைப்பிடிக்கின்றன. மதுரை அதே நேரத்துக்குத் தன் சொந்த வழியில் வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் கறியை நடுவில் வைத்துக்கொண்டு. ஞாயிறு கறி எடுக்கும் நாள். கறி எடுத்தால் குழம்பு பத்துக்கு மேல்தான் ஆகும். அதற்குள் காலை டிபன் முடிந்துவிட்டால் குழம்புக்குத் தோழன் இல்லை. ஆகவே டிபன் காத்திருக்கிறது. இதில் யாரும் திட்டம் போடவில்லை. கறிக்கடையின் நேரமும் அடுப்பின் நேரமும் சேர்ந்து செய்த ஏற்பாடு.

நகரத்துக்குள் இதே ஏற்பாடு ஒரே தோசைக்கல்லில் நடப்பதைப் பார்க்கலாம். கறிதோசை என்றாலே சிம்மக்கல் கோனார் கடை என்பது மதுரைக்கு வெளியிலும் தெரிந்த செய்தி. இப்போது அந்தத் தோசை ஊரெங்கும் பல கடைகளில் கிடைக்கிறது. இரவுச் சாப்பாடாகத்தான் பலரும் அதை நினைக்கிறார்கள். ஞாயிறு பதினொரு மணிக்குச் சுடும் கடை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் நின்று மாஸ்டரின் கையைப் பாருங்கள். கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு. மாவை ஊத்தப்பம் மாதிரிக் கனமாக ஊற்றுவார், தேய்க்க மாட்டார். மேலே முட்டையை உடைத்து ஊற்றிப் பரப்புவார். அது இறுகுமுன், முன்கூட்டியே வேகவைத்துச் சின்ன வெங்காயம், மிளகு போட்டுச் சுருள வதக்கிய கொத்துக்கறியை ஒரு கைப்பிடி அள்ளி ஓரம் வரைக்கும் தூவி, கரண்டியின் அடியால் அழுத்துவார். சுற்றிலும் எண்ணெய். திருப்பிப் போடும் அந்த ஒரு நொடியில்தான் தொழில் இருக்கிறது: கறி சிதறக் கூடாது, முட்டை கிழியக் கூடாது. திருப்பிய பிறகு கறி கல்லில் பட்டு முறுகும் வாசனை தெருவுக்கு வரும். தட்டில் வைத்து மேலே கறிக்குழம்பு விடுவார்கள். அடியில் டிபன், மேலே மதியச் சாப்பாடு, நடுவில் இரண்டையும் ஒட்ட வைக்கும் முட்டை. ஒரு ஆளுக்கு ஒன்று போதும். இரண்டாவது கேட்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இருவராகப் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

தல்லாகுளத்துக்கு வருவோம். அழகர்கோயில் சாலையை ஒட்டி அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று பெயர் பெற்ற கடைகள் கிட்டக் கிட்ட இருக்கின்றன. நரிமேட்டு சி.எஸ்.ஐ. கதீட்ரலில் ஆராதனை முடிந்து வரும் குடும்பங்கள் நல்ல சேலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்து சேரும்போது பதினொன்றரையைத் தாண்டியிருக்கும். இந்தக் கடைகள் டிபன் கடைகள் அல்ல. முதல் பந்திச் சாதம் வடிக்கும் நேரத்துக்குப் போனால் கூட்டத்துக்கு முன்னே உட்காரலாம். அம்மா மெஸ்ஸின் எலும்பு மஜ்ஜை ஆம்லெட்டுக்காகவே வெளியூரிலிருந்து வருகிறார்கள். எனக்கு அதைவிட அயிரை மீன் குழம்பு பெரிது. விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு வாங்கி, பாலிலோ தண்ணீரிலோ விட்டு, வயிற்று மண்ணைக் கக்க வைத்த பிறகே புளிக்குழம்பில் போடுகிறார்கள். தலையும் முள்ளுமாக அப்படியே சாப்பிட வேண்டியது. வைகையும் கண்மாய்களும் நிரம்பி ஓடினால் அயிரை தாராளமாகக் கிடைக்கும். கண்மாய் வறண்ட வருஷம் விலை எங்கோ போய்விடும். ஒத்தக்கடையைச் சுற்றியிருந்த கண்மாய்களில் எத்தனையோ இன்று மனையாகவும் கட்டடமாகவும் நிற்கின்றன. அயிரைக் குழம்பை ருசித்துச் சாப்பிடுகிறவர்கள் அந்தக் கண்மாய்களுக்காகவும் பேச வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீனாட்சி கோயிலைச் சுற்றிய வீதிகள்தான். மேலச்சித்திரை வீதியில் கோபு அய்யங்கார் கடையின் வெள்ளையப்பமும் காரச் சட்னியும் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பேசப்படுகின்றன. சைவக் கடைகளில் ஞாயிறு என்று தனிச் சலுகை கிடையாது. சீக்கிரம் போக வேண்டும். வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் இருந்தால் விடாதீர்கள். பருத்திக் கொட்டையை இரவே ஊறப்போட்டு ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சியது. மேலே தேங்காய்த் துருவல். பருத்தி விளையும் கரிசல் காட்டிலிருந்து நகரத்துக்கு வந்த பானம் அது.

குளிர்சாதன அறையில், வெள்ளைத் துணி விரித்த மேசையில், நிதானமாகச் சாப்பிட விரும்புகிறவர்களும் உண்டு. வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்குப் பெஞ்சும் தகரக் கொட்டகையும் சரிப்படாது. அவர்களுக்குப் பசுமலைக் குன்றின் மேல் உள்ள தாஜ் குழும விடுதியைச் சொல்வேன். புல்தரையில் நின்றால் ஊர் முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். பார்வைக்காகப் போகலாம்.

நாளைப் பார்த்துப் போவதும் முக்கியம். புரட்டாசியில் பல வீடுகளில் மாதம் முழுக்கக் கறி கிடையாது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் அதிகம். அமாவாசை ஞாயிற்றில் வந்தாலும் இதே கதை. அந்த நாட்களில் இரண்டாவது அடுப்பு எரியாது, அல்லது பாதிச் சட்டிதான் ஏறும். ஆடி ஞாயிறுகளில் நேர்மாறு: கோயில் கிடாய் வெட்டும் காலம், கறிக்கு வரிசை, கடைகளிலும் கூட்டம் நெரியும். நான் தை, மாசியில் போவேன். வெயில் இன்னும் உக்கிரமாகியிருக்காது, மலை ஏறலாம். மாசி மகத்துக்குத் திருமோகூர் காளமேகப் பெருமாள் ஒத்தக்கடைக்கு எழுந்தருளிக் கஜேந்திர மோட்சம் நடக்கும். அந்தச் சமயத்தில் ஊரே விழாக்கோலமாக இருக்கும்.

வெளியூரிலிருந்து முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி ஒத்தக்கடையில் இறங்கலாம். நரசிங்கத்தைப் பார்த்துவிட்டுப் பத்தரைக்கு இட்லிக் கடைக்குப் போங்கள். பலகை இருக்காது, இலைகள் குவிந்திருக்கும் வாசலைத் தேடுங்கள், அல்லது கறிக்கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்காது. நான்கு இட்லியோடு எழுந்துவிட்டால் சிம்மக்கல்லிலோ தல்லாகுளத்திலோ இன்னொன்று தாங்கும். விளக்குத்தூண் ஜிகர்தண்டாவை அன்றைக்கே இதோடு சேர்க்காதீர்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று அதுவே ஒரு சாப்பாடு. மாலை ஐந்து மணிக்கு மேல் கீழமாசி வீதிப் பக்கம் நடந்து போய்க் குடித்தால் அதன் அருமை தெரியும்.

இட்லிக் கடை அம்மாவிடம் பேரம் பேச வேண்டாம்; குழம்பு இன்னொரு கரண்டி கேளுங்கள், கேட்டால் காசு வாங்க மாட்டார். பதினொன்றே முக்காலுக்கு மேல் போனால் குடல் இருக்காது.