துணியில் நீந்தும் அன்னம்: கும்பகோணம் முதல் கரைவெட்டி வரை

கும்பகோணத்தை மையமாக வைத்து ஒரு நாள் சுற்றினால் நூறு அன்னங்களையாவது பார்த்துவிடலாம். குத்துவிளக்கின் உச்சியில் ஒன்று, பட்டுப்புடவையின் கரையில் ஒரு வரிசை, கோயில் துணியில் ஒரு கூட்டம், வாசல் கோலத்தில் இரண்டு. ஆனால், உயிரோடு ஒன்றுகூட இருக்காது!

மயிலையும் கிளியையும் பார்த்து வரையலாம். அன்னத்தை யார் பார்த்தது? பாலையும் நீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் பிரித்துக் குடிக்கும் என்று கதை சொல்கிறது. நடை அழகுக்கு அன்னநடை என்கிறோம். அப்படி ஒரு பறவையைத் தலைமுறை தலைமுறையாக, பார்க்காமலேயே வரைந்துகொண்டிருக்கிறது காவிரிப் படுகை. அந்த அன்னத்தின் தடம் பிடித்துப் போகிற பயணம் இது. கடைசியில் ஒரு ஏரிக்கரையில் ஆச்சர்யம் காத்திருக்கிறது.

விளக்கில் ஓர் அன்னம்

முதல் நிறுத்தம், கும்பகோணத்துக்குத் தென்கிழக்கே இருக்கும் நாச்சியார்கோவில். தெருவுக்குள் நுழைந்ததுமே பித்தளையை ராவும் சத்தம் கேட்கும். இங்கு செய்யப்படும் குத்துவிளக்குக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தட்டு, உச்சியில் பிரபை என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டு ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். அந்தப் பிரபையில்தான் பெரும்பாலும் அன்னம் உட்கார்ந்திருக்கும்.

வார்ப்புக்கு வேண்டிய அச்சு, இந்தப் பகுதியின் வண்டல் மண்ணில் உருவாகிறது. நெல்லை விளைவிக்கிற அதே வண்டல்தான். மண்ணில் பதிந்து, உருகிய பித்தளையில் எழுந்து வரவேண்டும் என்பதால் இந்த அன்னத்துக்கு மெல்லிய கால்களோ விரித்த சிறகோ கிடையாது. கழுத்தின் வளைவும் உடலின் திரட்சியும் மட்டும். இவ்வளவுதான் தேவை, பார்த்தவுடன் அன்னம் என்று தெரிந்துவிடும்.

தறியில் ஓர் அன்னம்

அடுத்தது, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலையில் வரும் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேஸ்வரர் கோயில் ஒரு பக்கம், தறிச் சத்தம் இன்னொரு பக்கம். திருபுவனம் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

தறிக்குப் போகும் அன்னம் முதலில் கட்டம் போட்ட தாளில் ஏறவேண்டும். ஒவ்வொரு கட்டமும் இழையின் கணக்கு. எந்தக் கட்டத்தில் ஜரிகை மேலே வரவேண்டும், எங்கே உள்ளே மறையவேண்டும் என்று நிரப்பிக்கொண்டே போகவேண்டும். தாளில் வழவழவென்று வளைந்த கழுத்து, கட்டத்துக்குள் வந்ததும் படிக்கட்டாக மாறிவிடும். அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாதபடி வளைவைக் காப்பாற்றுவதில்தான் டிசைன் போடுபவரின் கைவண்ணம் இருக்கிறது. பிறகு அந்தத் தாள் துளையிட்ட அட்டைகளாக மாறி ஜக்கார்டில் ஏறுகிறது.

பறவையை எவ்வளவு சுருக்க முடியும் என்பதற்கும் நம் பட்டுப்புடவைகளில் பதில் உண்டு. மயில்கண், குயில்கண் என்று பெயர் சொல்கிறோமே... அதில் மயிலும் இல்லை, குயிலும் இல்லை. கண் மாதிரி ஒரு சின்ன வடிவம் மட்டும் வரிசையாக ஓடும். ஆனாலும், பாட்டி முதல் பேத்தி வரை யாரும் பெயரை மாற்றிச் சொல்வதில்லை.

பாலில் நனைந்த துணியில் ஓர் அன்னம்

கும்பகோணத்திலிருந்து வடகிழக்கே, அணைக்கரை போகும் வழியில் திருப்பனந்தாள். அதை ஒட்டியது சிக்கல்நாயக்கன்பேட்டை. தஞ்சையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ஓவியக் குடும்பங்களின் வழியாக இங்கு கலம்காரி வேரூன்றியது என்கிறார்கள். இங்கு வரையப்படுபவை பெரும்பாலும் கோயிலுக்கானவை. தேரில் தொங்கும் உருளை வடிவத் தொம்பை, சுவாமிக்கு மேலே கட்டும் விதானம், வாசல் தோரணம், குடைத் துணி.

செய்முறையே ஒரு பொறுமைப் பாடம். புதுத் துணியின் கஞ்சி போக அலசி, கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்கவேண்டும். பாலின் கொழுப்பு இருந்தால்தான் மை பரவாமல் கோடு கோடாக நிற்கும். பாலைப் பிரித்துக் குடிக்கும் என்று கதை சொல்லப்படும் பறவை, பாலில் நனைந்த துணியில்தான் பிறக்கிறது!

இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்துப் புளிக்கவைத்த நீர்தான் கறுப்பு மை. பானைக்குள் இருக்கும்போது அது கறுப்பாகத் தெரியாது. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுக்கும். மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, மேலே துணி சுற்றி, அந்தச் சுற்றில் மையை உறிஞ்சவைத்து விரலால் அழுத்தி அழுத்திக் கோடு இழுக்கிறார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவி, பிறகு வேர்ச்சாயத்தில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் ஓடுகிற தண்ணீரில் அலசவேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கழன்ற சாயம் திரும்பத் துணியிலேயே ஒட்டி, வெள்ளை அழுக்காகிவிடும். அதனால்தான் இந்தக் கலை ஆற்றங்கரையை விட்டு நகரவே இல்லை.

விதானத் துணியைக் கவனித்துப் பார்த்தால் ஒரு பாடமே கிடைக்கும். நடுவில் விரிந்த தாமரை. அதைச் சுற்றி வளையம் வளையமாக அன்னம், கிளி, கொடி, யாளி. ஒரு வளையத்தில் அன்னங்கள் எல்லாம் ஒரே திசையில் நடந்தால், எது முதல், எது கடைசி என்று சொல்ல முடியாது. கண் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பிராகாரம் வலம் வருவதுபோல. அன்னத்தின் வால் இறகாக முடியாது, சுருண்டு சுருண்டு கொடியாகிவிடும். அந்தக் கொடியே அடுத்த அன்னம் வரையிலான இடைவெளியை நிரப்பிவிடும். தொம்பையிலோ இன்னொரு சவால். உருளையில் ஆரம்பமும் முடிவும் ஒரே தையலில் சந்திக்கவேண்டும். கணக்கு தப்பினால் கடைசி அன்னத்துக்கு அலகு வைக்க இடம் இருக்காது.

அரண்மனையோடு போன புடவை

அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால் அரியலூர் மாவட்டம். ஆற்றின் வடகரையில் இருக்கிறது கோடாலிக் கருப்பூர். இன்று போகிறவருக்கு வயலும் வாய்க்காலுமான சாதாரண கிராமம். ஒரு காலத்தில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்குப் புடவை போன ஊர்.

அந்தப் புடவை இரட்டை வேலை. முதலில் பருத்தி இழையோடு தங்க ஜரிகையைச் சேர்த்து உருவங்களை நெய்வார்கள். பிறகு அதே துணியில் மெழுகு கட்டிச் சாயம் ஏற்றுவார்கள். செம்பழுப்பு நிறத்துக்குள்ளிருந்து தங்கம் மங்கலாக மின்னும். நெசவாளரும் ஓவியரும் ஒரே கணக்கில் வேலை செய்தால்தான் ஜரிகை இருக்கும் இடமும் சாயம் விழும் இடமும் பொருந்தும்.

1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இரண்டாம் சிவாஜி மறைய, தஞ்சை மராட்டிய ஆட்சி முடிவுக்கு வந்தது. வாங்கியவர்கள் போனதும், மெல்ல மெல்ல நெய்தவர்களும் கைவிட்டார்கள். இன்று அசல் கருப்பூர்ப் புடவையைப் பார்க்கவேண்டுமென்றால் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் போன்ற அருங்காட்சியகங்களுக்குத்தான் போகவேண்டும்.

கருப்பூர் என்ற பெயர் மட்டும் பிழைத்திருக்கிறது. சிக்கல்நாயக்கன்பேட்டை, திருப்பனந்தாள் பகுதி ஓவியங்களையும் சேர்த்து, ‘கருப்பூர் கலம்காரி’க்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால், குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும், பானையில் மை ஊறவைக்கும் கையைக் காப்பாற்ற வாங்குகிறவர்கள் வேண்டும். மாதக்கணக்கில் வரையும் தொம்பைக்குப் பதிலாக ஒரே நாளில் அச்சாகி வரும் துணி மலிவாகக் கிடைக்கிறது. வரைகிற குடும்பங்களோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான். ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருந்த கலை என்ன ஆகும் என்பதற்கு ஆற்றுக்கு அந்தப் பக்கமே சாட்சி இருக்கிறது. அதனால்தான் கோயில் துணியோடு நிற்காமல் துப்பட்டா, சுவர் ஓவியம், புடவை என்று அன்னம் வீட்டுக்குள்ளும் வரத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி.

நிஜ அன்னம் இதுதானா?

இனி அந்த ஆச்சர்யம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, திருமானூர் வழியாக அரியலூர் சாலையில் போனால் சுமார் 35 கிலோமீட்டரில் கரைவெட்டி ஏரி. சுமார் 450 ஹெக்டேர் பரப்பு. காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கு வருகிறது. 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

மார்கழி, தை மாத விடியலில் பனி விலகும்போது இங்கு வரித்தலை வாத்துகளைப் பார்க்கலாம். மங்கோலியா, திபெத், லடாக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருபவை. 7,000 மீட்டர் உயரத்துக்கும் மேலே இவை பறந்தது பதிவாகியிருக்கிறது. வெளிர் சாம்பல் உடல், வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், கழுத்தோரமாக இறங்கும் வெள்ளைக் கோடு, மஞ்சள் அலகு.

பழைய நூல்களின் ‘ஹம்சம்’ என்பது நீண்ட கழுத்துள்ள வெளிநாட்டு ஸ்வான் பறவை அல்ல, பெரும்பாலும் இந்த வகை வாத்துதான் என்பது பல அறிஞர்களின் கருத்து. டச்சு அறிஞர் வோகல் இந்திய இலக்கியத்திலும் கலையிலும் வரும் வாத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார், அது 1962-ல் வெளியானது. இமயத்தில் மானசரோவர் ஏரி, குளிர்காலத்தில் தெற்கே வருகை என்று புராண அன்னத்துக்குச் சொல்லப்படும் முகவரியும் இதற்குப் பொருந்திப்போகிறது.

கலம்காரி வரைபவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்தக் கரையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தலையின் இரண்டு பட்டைகளுக்கு இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு. கழுத்துக் கோட்டுக்கு மை படாமல் விட்ட துணியின் நிறமே போதும். உடலில் இறகு ஓரங்கள் செதில் செதிலாக அடுக்கியிருக்கின்றன, அதுவே ஒரு முழுப் புடவையின் உடலை நிரப்பும் டிசைன். அம்புமுனை போல் பறக்கும் கூட்டம் முந்தானைக்கு, தலையின் இரட்டைப் பட்டை மட்டும் கரைக்கு. மயில்கண், குயில்கண் இருக்கும்போது ‘அன்னப்பட்டை’ என்று ஒன்று ஏன் வரக்கூடாது? பழைய அன்னத்தை விரட்டவேண்டாம். பக்கத்தில் இதுவும் நீந்தட்டுமே!

வெயில் ஏறியதும் இந்த வாத்துகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். புல்லும் தானியமும்தான் இவற்றுக்கு உணவு. சம்பா அறுவடை முடிந்த வயல் பக்கத்தில் இருந்தால், அடித்தாளுக்கிடையே சிந்திக் கிடக்கும் நெல் போதும். கதையில் வரும் அன்னம் பால் குடிக்கிறது. தஞ்சைக்கு வரும் அன்னமோ, நம்மைப்போல அன்னம்தான் சாப்பிடுகிறது.

ஒரே சொல்லில் பறவையும் சோறும். இரண்டுக்கும் வேண்டியது ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால் நெல் விளையும், ஏரி நிறையும், சாயத் துணியும் வெளுக்க அலசப்படும். வராத வருடம், துணியில் இருக்கும் அன்னம் மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்த முறை கும்பகோணம் போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். விளக்கில், தறியில், துணியில் பார்த்துவிட்டு, மறுநாள் விடியலில் கரைவெட்டிக்கு வாருங்கள். நூறு அன்னங்களைப் பார்த்த கண்ணுக்கு, நூற்றியோராவது அன்னம் தலையைத் திருப்பிப் பார்க்கும்.